கடல்பக்கம் வைத்த குழாய்

1

வெளிநாட்டிலிருந்து வருகிற பெண்ணின் பெட்டியில் என்ன இருக்கும் என்று யாழ்ப்பாணத்தில் எங்கள் கொழும்புத்துறையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சொக்கலேற், வாசனைச் சவர்க்காரம், கைகால் வலித்தைலம், யாருடைய காலுக்கும் அளவில்லாத சப்பாத்து. போன விடுமுறைக்கு நான் கொண்டுபோன பெட்டியில் இவற்றோடு ஒரு நீராவி இயந்திரமும் இருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் அதற்குள் நிற்கும். அதற்குச் சோடியாக ஒரு செப்புக் கொதிகலன், பால்மாப் பேணி அளவில். இரண்டையும் பழைய துவாய்களில் சுற்றி நடுவில் வைத்திருந்தேன்.

நோர்வேயில் விமானம் ஏறும் இடத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கையுறை போட்ட ஒரு இளம்பெண் கொதிகலனைத் தூக்கி, அதிலிருந்த அழுத்தமானியைப் பார்த்து, "இது வெடிக்குமா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள். "நெருப்பு மூட்டாவிட்டால் வெடிக்காது" என்றேன். சொன்ன பிறகுதான் அது அவ்வளவு நல்ல பதில் இல்லை என்று உறைத்தது. சோதனைச் சான்றிதழைக் காட்டித் தப்பினேன். கொழும்பில் இறங்கியதும் பெட்டி மறுபடி திறந்தது. அங்கே நின்றவர் பித்தளைச் சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தங்கமா?" என்று கேட்டார்.

ஒரு நாட்டில் வெடிக்குமா என்று கேட்டார்கள், மற்ற நாட்டில் தங்கமா என்று கேட்டார்கள். இது ஓடுமா என்று கேட்பதற்கு எனக்கு இந்த உலகத்தில் ஒரேயொரு ஆள்தான் இருந்தார். என் அண்ணை சூசை. அவர் முழங்கால் நோவோடு கொழும்புத்துறை வீட்டு வாசலில் கதிரை போட்டு எனக்காகக் காத்திருந்தார்.

2

என் பெயர் ரெஜினா. நோர்வேயின் வடகோடியில் ஒரு சிறிய மீன்பிடிப் பட்டினத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். "மீன் மணக்காத இடமாய்ப் பார்த்துப் போய்ச் சேர்" என்றுதான் அம்மா என்னை வழியனுப்பினார். வந்து இறங்கிய வாரமே மீன் தொழிற்சாலையில் முழங்கால்வரை றப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். அதை அம்மாவுக்குச் சொல்ல வெகுகாலம் எனக்குத் துணிவு வரவில்லை. "தொழிற்சாலையில் வேலை" என்று மட்டும் எழுதினேன். அவர் சவர்க்காரத் தொழிற்சாலை என்று நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அப்போது எங்களைப்போல நிறையத் தமிழர்கள் அங்கே இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் தெற்கே ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்க் கடை இருக்கிறது, தமிழில் பூசை இருக்கிறது, முருங்கைக்காய் கிடைக்கிறது. என் கணவருக்கு இங்கே பஸ் ஓட்டும் வேலை நிரந்தரமாகக் கிடைத்ததால் நாங்கள் நின்றுவிட்டோம். பனியில் பஸ் ஓட்டுவது சேற்றில் வண்டில் விடுவதுபோலத்தான், பழகிவிட்டால் வேறு ஒன்றும் பிடிக்காது என்று அவர் சொல்வார்.

தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது வேலை தேடித்தரும் அலுவலகத்தில் என்னை இருத்திவைத்து, முதியோர் பராமரிப்புப் படிக்கிறாயா, இரும்புக் கடைசல் வேலை படிக்கிறாயா என்று கேட்டார்கள். என் நோர்வேமொழி அந்த நாட்களில் நொண்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை பேக்கரியில் பாண் கேட்கப் போய், முழு வசனத்தையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, கடைசியில் நன்றிக்குப் பதிலாக "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். ஆகவே, "எந்த வேலையில் கதை குறைவு?" என்று கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி சிரித்துவிட்டு இரும்பின் பக்கத்தில் புள்ளடி போட்டார்.

அப்படித்தான் கப்பல் திருத்தும் ஒரு பட்டறையில் லேத் மெசினுக்கு முன்னால் வந்து நின்றேன். சுழலும் இரும்பில் கத்தியை வைத்து உருட்டாக்குவது, துளைப்பது, இழைப்பது. எனக்கு அது பிடித்திருந்தது. இரும்பு என்னுடைய உச்சரிப்பைப் பார்த்துப் புருவம் உயர்த்தவில்லை. ஆனால் ஒரு குறை. வருடக்கணக்காக வளையங்களும் தண்டுகளும் செய்தேன், ஒன்றுகூட எங்கே போய்ப் பொருந்துகிறது என்று நான் கண்டதில்லை. காலையில் வரைபடம் வரும், மாலையில் பெட்டியில் அடைபட்டுப் போகும். ஒரு கப்பலின் வயிற்றுக்குள் என் கையால் செய்த துண்டு என்ன செய்துகொண்டிருக்கும் என்று இருந்திருந்து யோசிப்பேன். ஒரு முழு இயந்திரத்தை முதல் ஆணியிலிருந்து கடைசி ஆணிவரை நானே செய்து, அது மூச்சுவிடுவதைப் பார்க்கவேண்டும் என்கிற ஆசை அங்கேதான் பிடித்தது.

ஓய்வு பெற்றபோது பட்டறையில் கழித்துவிட்ட ஒரு சிறிய லேத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கீழ்த்தளத்தில் உருளைக்கிழங்கு வைக்கிற அறை என் பட்டறையாயிற்று. கணவர் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்.

3

இனி அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் வட்ஸ்அப்பில் கதைப்போம். கதைப்போம் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான்.

"சாப்பிட்டாச்சோ?"

"ஓம் அண்ணை. நீங்கள்?"

"ஓம். அங்கை குளிரோ?"

"குளிர்தான். அங்கை வெயிலோ?"

"வெயில்தான்."

பிறகு திரையில் அவருடைய நெற்றியும் கூரை விசிறியும் தெரியும். நானும் என் சுவரைக் காட்டிக்கொண்டு இருப்பேன். செத்தவர்களைப் பற்றிக் கதைத்து முடித்துவிட்டோம், கல்யாணம் கட்டியவர்களையும் முடித்துவிட்டோம். "அப்ப வைக்கட்டோ?" என்று அவர் கேட்கிறபோது அவருடைய குரலில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதிதான் எனக்கு வலித்தது. ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பேர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவரை விட்டால் ஊரில் எனக்கு ஆளில்லை. ஒன்பது வருடமாக நான் ஊருக்குப் போகவில்லை. போனால் அங்கேயும் இப்படித்தான் விசிறியைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டுமோ என்று பயந்தேன், அதுதான் உண்மை.

ஒரு ஞாயிறு என் விரல்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உதென்ன கையிலை, கரியோ?"

"எண்ணெய் அண்ணை. ஒரு மெசின் செய்யிறன்."

"என்ன மெசின்?"

"நீராவியிலை ஓடுற மெசின். விளையாட்டுச் சாமான் அளவு. ஆனா ஓடும்."

திரையில் அவருடைய முகம் கிட்டக் கிட்ட வந்து, மூக்கு மட்டும் தெரிந்தது. அண்ணை இருபது வயதிலிருந்து கடலுக்குப் போனவர். வள்ளத்தின் பின்னால் தொங்குகிற மோட்டரை இருட்டில் கழற்றி இருட்டில் பூட்டுவார்.

"நெருப்பு எங்கை எரியுது?"

"வெளியிலை. கொதிகலனுக்குக் கீழை."

"அப்ப சிலிண்டருக்குள்ளை?"

"நெருப்பே இல்லை. ஆவி மட்டும். மேலாலை ஒருக்காத் தள்ளும், கீழாலை ஒருக்காத் தள்ளும்."

"ரெண்டு பக்கத்தாலையுமோ!" கொஞ்சநேரம் யோசித்தார். "எங்கடை மோட்டர் ஒரு பக்கத்தாலைதானே தள்ளும். உது கெட்டிக்காரன்தான். என்ன எண்ணெய் வேணும்?"

"எதுவும் காணும். மண்ணெண்ணெய், விறகு, சிரட்டை எரிச்சாலும் ஓடும்."

அதற்குப் பிறகு அவர் பேசாமல் இருந்தார். ஆனால் அது வழக்கமான ஞாயிற்றுக்கிழமை மௌனம் இல்லை. சண்டைக் காலத்தில் எரிபொருள் வர விடாமல் தடுத்திருந்த அந்த வருடங்களில் எங்கள் கரையில் மோட்டர்கள் சாக்கில் கட்டி மூலையில் கிடந்ததை இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

"சிரட்டையிலை ஓடும் எண்டு தெரிஞ்சிருந்தா…" என்றார். முடிக்கவில்லை. அன்று நாங்கள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தோம்.

4

அதன் பிறகு ஞாயிறு வரும்வரை அவர் பொறுக்கவில்லை. புதன்கிழமை அழைப்பார். "பிஸ்டனை சிலிண்டருக்குள்ளை விட்டிட்டு மேல்வாயைப் பெருவிரலாலை பொத்து. பிஸ்டன் தொங்கிக்கொண்டு நிக்கோணும். தானா இறங்கினா காணாது." நான் பொத்திக் காட்டுவேன். பிஸ்டன் மெல்ல மெல்ல இறங்கும். "ஆ, காணாது, காணாது, இன்னொண்டு செய்!" என்று யாழ்ப்பாணத்திலிருந்து கத்துவார். மூன்றாவது பிஸ்டன் தொங்கியது. நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தொங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சொற்கள்தான் பெரும்பாடு. இந்த வேலை முழுவதையும் நான் நோர்வேமொழியில் படித்தவள். தமிழில் எனக்கு அகப்பைக்கும் அரிவாளுக்கும் பெயர் தெரியும், இயந்திரத்தின் உள்ளுறுப்புகளுக்குத் தெரியாது. தண்டில் நடுவிலகிப் பூட்டுகிற ஒரு வட்டத் துண்டு உண்டு. அது ஆடி ஆடித்தான் ஆவி போகிற வாசலைத் திறந்து மூடும். அதற்கு என்ன பெயர் என்று இரண்டு பேரும் முழித்தோம். "கோணலா நிண்டு சுத்துதுதானே, கோணச் சக்கரம் எண்டு வை" என்றார் அண்ணை. வைத்துவிட்டோம். அகராதிக்காரர்கள் மன்னிக்கவேண்டும்.

நத்தாருக்கு வந்து நின்ற மகள் மெலனி கீழ்த்தளத்தில் எங்கள் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஓடி இறங்கி வந்தாள். "மாமாவோடு என்ன சண்டை?" என்று நோர்வேமொழியில் கேட்டாள். சண்டை இல்லை, பிஸ்டன் என்றேன். படிக்கட்டில் இருந்துகொண்டு கொஞ்சநேரம் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் பாதி விளங்கும், அரைவாசியிலும் அரைவாசி திரும்பி வரும். "என்னோடு நீங்கள் இவ்வளவு நேரம் கதைத்ததே இல்லை, அம்மா" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா கண்டதைச் சொன்னாள். மகளோடு இயந்திரம் கதைக்க என்னிடம் சொல் இருக்கிறது, அவளுக்கு நேரம் இல்லை. அண்ணைக்கு வேண்டியமட்டும் நேரம் இருக்கிறது, என்னிடம் சொல் இல்லை. இப்படித்தான் எங்களைப் போன்றவர்களின் வீடு நடக்கிறது. அன்று அவளுக்குக் கோணச் சக்கரத்தைக் காட்டினேன். இரண்டுதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு" என்று தமிழில் சொன்னாள்.

5

"மெசினை மேசையிலை வைச்சுப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? வள்ளம் நான் செய்யிறன்" என்று தை மாதத்தில் அண்ணை அறிவித்தார். முள்முருக்கு மரத்தில் ஒரு குட்டி வள்ளம். அப்பாவின் பழைய வள்ளத்தின் அதே வெட்டு, மூன்றடி நீளம். என் இயந்திரம் அதற்குள் இருந்து பின்னால் தண்ணீருக்குள் நிற்கும் காற்றாடியைச் சுழற்றும். கொதிகலனைப் பற்றியும் ஒரு கட்டளை வந்தது. "நிக்கிற பொயிலர் வேண்டாம். படுக்கிறதாச் செய். நிண்டா வள்ளத்தைக் கவிட்டுப்போடும்." அவர் சொன்னது சரி. நான் வரைந்து வைத்திருந்ததைக் கிழித்துவிட்டுப் படுக்கைக் கொதிகலன் செய்தேன்.

நோர்வேயில் நீங்கள் வீட்டில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் அதற்கு ஒரு கடதாசி வேண்டும். கொதிகலனைச் சோதித்துத் தர எங்கள் பகுதியில் பொழுதுபோக்குக்காரர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. சோதிப்பவர் ஓலா என்கிற பெரியவர். படிவத்தில் "வடிவமைத்தவர்" என்ற கட்டத்தில் நான் நேர்மையாக அண்ணையின் பெயரையும் சேர்த்து எழுதினேன்.

"இவர் பொறியியலாளரா?" என்று ஓலா கேட்டார்.

"மீனவர்."

"எங்கே?"

"இலங்கையில். இப்போது முழங்கால் நோ. கடலுக்குப் போவதில்லை."

ஓலா பேனாவை வைத்துவிட்டுக் கொதிகலனை ஒருமுறை பார்த்தார். "ஏன் படுக்க வைத்தார்?" என்று கேட்டார். வள்ளம் கவிழும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு கலனுக்குள் தண்ணீரை நிரப்பிக் கைப்பம்பால் அமுக்கினார். ஓடும்போது வரப்போகிற அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு ஏற்றி நிறுத்திவிட்டு, கோப்பி குடிக்கப் போய்விட்டார். நான் கோப்பி குடிக்கவில்லை. அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது அசையவில்லை. எங்கும் ஒரு சொட்டும் கசியவில்லை. ஓலா திரும்பி வந்து முத்திரை குத்தினார். அந்தக் கடதாசியைப் படம் பிடித்து அனுப்பியபோது அண்ணை அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போவதாகச் சொன்னார்.

இயந்திரம் முடியமுடிய எனக்குள் ஒரு கவலையும் வளர்ந்தது. முடிந்த பிறகு என்ன? இது ஓடிவிட்டால் புதன்கிழமை அழைப்பு எதற்கு? மறுபடியும் வெயிலோ, குளிரோதானா? வேண்டுமென்றே வேலையை மெதுவாக்கினேன். மூன்று நாளில் செய்கிற சக்கரத்தை மூன்று வாரம் வைத்துத் துடைத்தேன். அண்ணையும் வள்ளத்துக்கு மூன்றாவது பூச்சு, நான்காவது பூச்சு என்று அடித்துக்கொண்டிருந்தார். அண்ணையின் மனைவி, மச்சாள் திரேசா, ஒருநாள் ஃபோனைப் பறித்து, "ரெஜி, நீ வந்து உந்த வள்ளத்தைத் தண்ணியிலை விடு. இல்லாட்டி நான் அடுப்பிலை வைப்பன். வீடெல்லாம் மரத்தூள்" என்றார். அப்படித்தான் விமானச் சீட்டு எடுத்தேன்.

6

ஒரு விசயத்தை இங்கே விளக்கவேண்டும். எங்கள் வீட்டில் இடம், வலம் என்று யாரும் சொன்னதில்லை. வீட்டுக்குத் தெற்கே கடல், வடக்கே ஊர். ஆகவே எல்லாமே கடல்பக்கம், கரைப்பக்கம். கடல்பக்க யன்னலைச் சாத்து. கரைப்பக்கச் சுவரில் பல்லி. அம்மா சாப்பாட்டுச் சட்டியைக் காட்டி, "கடல்பக்கம் கிடக்கிற மீன்தலை அப்பாவுக்கு" என்பார். பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் வருடம் எந்தக் கையால் எழுதுகிறாய் என்று ரீச்சர் கேட்க, நான் எழும்பி நின்று கடலைத் தேடியதாக அண்ணை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

வள்ளத்துக்கும் அப்படித்தான். கரையில் ஏற்றித் திருத்தும்போது அப்பா எப்போதும் அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்முனையை, சூரியன் எழும்புகிற பக்கம் பார்க்கத்தான் வைப்பார். அதனால் வள்ளத்தின் ஒரு பக்கம் கடல்பக்கம், மற்றது கரைப்பக்கம். தண்ணீரில் இறக்கி எந்தத் திசைக்குத் திருப்பினாலும் அந்தப் பெயர்கள் மாறாது.

பங்குனியில் அண்ணை சொன்னார்: "வேலை முடிஞ்ச ஆவி வெளியிலை போற குழாய் கடல்பக்கமா வரட்டும். நான் அந்தப் பக்கம் ஓட்டை விடுறன்."

"சரி அண்ணை" என்றேன். இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதில் கேட்க ஒன்றும் இல்லை.

7

கொழும்புத்துறையில் போய் இறங்கிய மறுநாள் காலை, முற்றத்தில் பாயை விரித்து இயந்திரத்தையும் வள்ளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நான் படத்தில் பார்த்ததைவிட வள்ளம் வடிவாக இருந்தது. அண்ணை என் இயந்திரத்தை இரண்டு கைகளாலும் தூக்கி, சக்கரத்தை விரலால் தட்டிச் சுழலவிட்டார். அது நிற்கும்வரை பார்த்தார். "பூனை நடக்கிறமாதிரிச் சுத்துது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று தோன்றியது.

பிறகு அதை வள்ளத்துக்குள் இறக்கினார். ஏற்கெனவே மரத்தில் துளைத்துவைத்த ஆணித்துளைகளில் அது சரியாகப் போய் இருந்தது. ஆனால் குழாய் மறுபக்கத்தில் நின்றது. அவர் விட்ட ஓட்டை ஒரு பக்கம், என் குழாய் அடுத்த பக்கம்.

"குழாய் கரைப்பக்கம் நிக்குது" என்றார்.

"இல்லை அண்ணை, கடல்பக்கம்தான் வைச்சனான்."

"இதோ ஓட்டை. இதோ கடல்." கையை நீட்டிக் காட்டினார். வேலிக்கு அப்பால் கடல் தெற்கே கிடந்தது. அது எங்கேயும் போகவில்லை.

நான் கண்ணை மூடி என் கீழ்த்தளத்து மேசையை நினைத்துப் பார்த்தேன். இயந்திரத்தின் அடித்தட்டை, அப்பா செய்வதுபோல, அணியத்தின் பக்கம் வரும் முனை கிழக்கே பார்க்க வைத்தேன். அதில் பிழையில்லை. பிறகு கடல்பக்கம் எது என்று யோசிக்கக்கூட இல்லை, கை தானாகப் போய்க் குறி போட்டது. நான் இருக்கிற பட்டினத்தில் கடல் வீட்டுக்கு வடக்கே. யன்னலைத் திறந்தால் வடக்கிலிருந்துதான் உப்புக்காற்று வரும். என் கை அந்தக் கடலின் பக்கம் துளைத்திருக்கிறது.

அதை அண்ணைக்குச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே, "உனக்குக் கடல் மாறிப்போச்சு, பிள்ளை" என்றார்.

கோபம் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னார். நான் எழுந்து குசினிக்குள் போய், மச்சாள் கழுவிவைத்த கோப்பைகளை மறுபடியும் கழுவினேன். அழுதேன். குழாய்க்காக அழவில்லை. கனவு வந்தால் இன்னும் கொழும்புத்துறைக் கனவு, செபம் சொன்னால் இன்னும் தமிழில்தான் என்று எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு இருந்தவள் நான். எப்போது அந்தக் கடலின் பக்கம் திரும்பினேன் என்று எனக்கே தெரியாது. மச்சாள் என்னைப் பார்த்துவிட்டுக் கோப்பைகளை வாங்கித் துடைத்தார்.

கொஞ்சநேரத்தில் முற்றத்திலிருந்து குரல் வந்தது. "பிள்ளை! உந்தத் தண்டு ரெண்டு பக்கத்தாலையும் வெளியிலை நீட்டிக்கொண்டு நிக்குதெல்லே?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன். "ஓம்."

"அப்ப மெசினை முன்பின்னாத் திருப்பி வைச்சா என்ன? குழாய் ஓட்டைக்கு நேரை வரும். சக்கரத்தை மற்றத் தலையிலை பூட்டு. காற்றாடியை இந்தத் தலையிலை பூட்டு."

நான் குந்தியிருந்து பார்த்தேன். வரும்தான். கொதிகலனிலிருந்து வரும் செப்புக்குழாயை மட்டும் வேறுவிதமாக வளைக்கவேண்டும். அண்ணை சிரட்டைக்கரியில் நெருப்பு மூட்டினார். குழாயைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு கயிறுபோல இளகும். அவர் இடுக்கியால் பிடிக்க நான் வளைத்தேன். அன்றும் மறுநாளும் சாப்பாட்டுக்கு மச்சாள் மூன்றுதரம் கூப்பிடவேண்டியிருந்தது. முழங்கால் நோவைப் பற்றி அண்ணை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கூரை விசிறியை நான் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

8

தண்ணீரில் விட்ட காலை காற்று இல்லை. கரையோரத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான். எங்கள் தேவாலயப் பங்கில் புது வள்ளம் இறக்குவதென்றால் சுவாமியார் வந்து மந்திரிக்கவேண்டும். மூன்றடி வள்ளத்துக்குச் சுவாமியாரைக் கூப்பிட அண்ணைக்கு வெட்கம். மச்சாள் கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த தீர்த்தத்தை அணியத்தில் தெளித்தார். இயந்திரத்தின் மேலும் கொஞ்சம் தெளித்தார். "உதுக்கும் ஆவி இருக்குத்தானே" என்றார்.

ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்திக் கொதிகலனுக்குக் கீழே வைத்தேன். முள் ஏறியது. அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, பின்னால் நின்று வள்ளத்தின் அணியத்தைக் கடலுக்கு நேராகப் பிடித்தார். நான் வால்வைத் திறந்தேன். சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினேன். முதலில் தண்ணீரைத் துப்பியது, இருமியது, பிறகு ஓடத் தொடங்கியது. ஒரே சீரான சிறிய மூச்சு. ஓட்டையின் வழியே வெள்ளை ஆவி வள்ளத்தின் கடல்பக்கமாகப் போனது. என் கையால் செய்த ஒவ்வொரு துண்டும் எங்கே போய்ப் பொருந்தி என்ன செய்கிறது என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

"விடட்டோ?" என்றார் அண்ணை.

"விடுங்கோ."

விட்டார். வள்ளம் ஒரு கணம் யோசித்தது. பிறகு பின்பக்கமாகப் போகத் தொடங்கியது. கடலைப் பார்த்துக்கொண்டே கரைக்கு வந்தது. அண்ணையின் முழங்காலில் முட்டி, அங்கேயே நின்று தள்ளிக்கொண்டிருந்தது.

நாங்கள் சிரித்தோம். மச்சாள் கரையில் குந்திவிட்டார், எழும்ப முடியாத சிரிப்பு. எனக்குக் காரணம் உடனே விளங்கியது. இயந்திரத்தை முன்பின்னாகத் திருப்பிவைத்தால் காற்றாடியும் எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றும். குழாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு பேரும் அதை மறந்துவிட்டோம். திருத்துவது பெரிய வேலை இல்லை. கோணச் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஒரேயொரு குட்டித் திருகாணியைத் தளர்த்தி, சக்கரத்தை அரைவட்டம் திருப்பி இறுக்கினால் வள்ளம் முன்னுக்குப் போகும்.

வால்வை மூடிவிட்டு அண்ணைக்கு அதைச் சொன்னேன். கரையில் கிடந்த கைப்பையைத் திறந்து, அந்தத் திருகாணிக்கு அளவான சின்னச் சாவியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் வந்தேன். "கொஞ்சம் பிடியுங்கோ, இப்பவே மாத்திவிடுறன்."

அண்ணை வள்ளத்தைப் பிடிக்கவில்லை. கையை நீட்டிச் சாவியை வாங்கினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், ஈர்க்குத் துண்டு அளவுதான். பிறகு சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இப்ப வேண்டாம்" என்றார்.

"ஏன் அண்ணை? ஒரு ஆணிதான்."

"எனக்குத் தெரியும் ஒரு ஆணிதான் எண்டு. பின்னாலை போறது போகட்டும். வாற வருசம் வந்து நீயே மாத்து." குனிந்து வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார். திரும்பிப் பார்க்காமல், "சாவி என்னட்டை இருக்கும்" என்றார்.

அதே அளவுச் சாவி இன்னும் இரண்டு என் கைப்பைக்குள் கிடந்தன. நான் பையின் சிப்பை இழுத்து மூடினேன்.